எம்.எஸ்ஸி. இயற்பியலுக்கு விண்ணப்பம் போடுங்கள்

தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரையுள்ள பள்ளிகளில் இயற்பியல் கற்பிக்கும் கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கு,

 

உங்களிடம் ஒரே ஒரு காரியம் கேட்கத்தான் இந்த மடல். எம்.எஸ்ஸி. இயற்பியல் படியுங்கள். வேலையை விட வேண்டாம், ஊரை விட வேண்டாம், குடும்பத்தைப் பட்டினி போட வேண்டாம். பி.எஸ்ஸி., பி.எட். முடித்து, பட்டதாரி ஆசிரியராக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறீர்கள். ஆள் இல்லாத பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பும் உங்கள் தலையில்தான் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியிலோ மறைக்கல்வி வகுப்பிலோ அதே பிள்ளைகளை மறுபடியும் பார்க்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். பணியில் இருந்தபடியே எம்.எஸ்ஸி. முடித்து, கூடுவாஞ்சேரியில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கிற ஒரு பழைய இயற்பியல் ஆசிரியன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

"படித்தால் என்ன கிடைக்கும்?" என்று நீங்கள் கேட்பது நியாயம். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் உயர்கல்வி முடித்தால் முன்பு ஊக்க ஊதிய உயர்வு இருந்தது. 2020 மார்ச்சில் அரசு அதை நிறுத்தியது. மெட்ரிக் பள்ளியில் இருப்பவர்களுக்கு அதுவும் என்றைக்கும் இருந்ததில்லை. முதுகலை ஆசிரியர் பணிக்கும் அதற்கான டி.ஆர்.பி. தேர்வுக்கும் எம்.எஸ்ஸி. வேண்டும், அந்த வாசல் திறந்திருக்கிறது. அதற்காகவே படிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் உங்களைக் கூப்பிடுவதற்குக் காரணம் வேறு. அது உங்கள் பள்ளியின் இருட்டறைக்குள் இருக்கிறது.

பிளஸ் டூ செய்முறையில் கீற்றணிச் சோதனை உண்டு. பாதரச ஆவி விளக்கை ஏற்றி, அது சூடேறும்வரை காத்திருந்து, நிறமாலைமானியைச் சரிசெய்து, தொலைநோக்கியை மெல்லத் திருப்பினால் ஒவ்வொரு கோடாக வந்து குறுக்குக் கம்பியில் நிற்கும். நீலம் 435.8 நானோமீட்டர். பச்சை 546.1. மஞ்சளில் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், 577-ம் 579-ம். பிள்ளைகள் வெர்னியர் அளவு பார்த்து, அட்டவணை போட்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எப்போதாவது ஒரு பிள்ளை மட்டும் கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே கேட்கும்: "சார், நடுவுல ஏன் ஒண்ணுமே இல்ல? பாதரசத்துக்கு இந்தக் கலர் மட்டும் ஏன்?"

பி.எஸ்ஸி. படித்தவர் "எலெக்ட்ரான் ஓர் ஆற்றல் மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு இறங்கும்போது ஒளி வரும்" என்று சொல்லிவிடலாம். சரியான பதில்தான். கெட்டிக்காரப் பிள்ளை அதோடு விடாது. அத்தனை மட்டங்கள் இருந்தால், எல்லா மட்டத்திலிருந்தும் எல்லா மட்டத்துக்கும் இறங்கலாமே, ஏன் இறங்கவில்லை? இந்த இடத்தில்தான் பி.எஸ்ஸி. கைவிடுகிறது.

எம்.எஸ்ஸி.யில் குவாண்டம் இயக்கவியலும் அணு நிறமாலையியலும் படித்தவருக்கு இங்கே ஓர் உலகமே திறக்கும். பாதரச அணுவின் வெளிக்கூட்டில் இரண்டு எலெக்ட்ரான்கள். அவற்றின் ஸ்பின் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால் ஒற்றை நிலை, ஒரே பக்கமாக இருந்தால் மும்மை நிலை. ஒளியை உமிழும்போது எலெக்ட்ரான் தன் ஸ்பின்னைப் புரட்டிப்போட முடியாது என்பது தேர்வு விதி. ஆகவே மும்மை நிலையிலிருந்து ஒற்றை நிலைக்கு இறங்கும் வழி அடைபட்டிருக்க வேண்டும். ஹீலியம் போன்ற இலேசான அணு இந்த விதியை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறது என்றால், அதன் நிறமாலையைப் பார்த்தவர்கள் ஹீலியம் என்ற பெயரில் இரண்டு தனித்தனி வாயுக்கள் இருப்பதாகவே ஒரு காலத்தில் எண்ணினார்கள்.

பாதரசம் அப்படி இல்லை. அதன் அணுக்கருவில் 80 புரோட்டான்கள். அவ்வளவு பெரிய மின்னூட்டத்தின் அருகே ஓடும் எலெக்ட்ரானின் ஸ்பின்னும் அதன் சுற்றுப்பாதை இயக்கமும் பின்னிக்கொள்கின்றன, ஒற்றை நிலையும் மும்மை நிலையும் கொஞ்சம் கலந்துவிடுகின்றன. அடைபட்ட வழியில் ஒரு சந்து கிடைக்கிறது. அந்தச் சந்து வழியே வருவதுதான் 253.7 நானோமீட்டர் புறஊதாக் கோடு. டியூப் லைட்டுக்குள் இருக்கும் வெள்ளைப் பூச்சில் விழுந்து அதை ஒளிர வைப்பது அந்தக் கோடுதான். நம் வகுப்பறைகளில் இத்தனை வருடம் டியூப் லைட் எரிந்தது இந்த விதிமீறலால். கேள்வி கேட்ட பிள்ளையிடம் விட்டத்தைக் காட்டி இதைச் சொல்லும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். ஸ்பின், தேர்வு விதி என்ற பெயர்களைக்கூட அந்தப் பிள்ளையிடம் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்தலாம் என்று தெரிவதற்கே ஆசிரியர் அதைத் தாண்டி ஒரு மைல் போயிருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது கிடைக்க வேண்டும் என்று நான் துடிப்பதற்குக் காரணம் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பொறியியல் கல்லூரிகள். பொத்தேரியில் ரயிலை விட்டு இறங்குகிற மாணவர் கூட்டத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கல்பாக்கத்தில் 1985-இலிருந்து சோதனை வேக ஈனுலை இயங்குகிறது, 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையும் அங்கேதான் கட்டப்பட்டது. அந்த உலைகளைக் குளிர்விப்பது உருகிய சோடியம். ஏன் தண்ணீர் இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரானின் வேகத்தைக் குறைத்துவிடும், இந்த உலைக்கு வேகமான நியூட்ரான்தான் வேண்டும் என்று பதில் சொல்ல ஆள் வேண்டாமா? பரங்கிமலை ஸ்டேஷனைத் தாண்டித்தான் நகரத்துக்குப் போகிறோம். புனித தோமாவின் மலை என்று நாம் வணங்கும் அந்த மலைப் பக்கத்தில்தான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரும் வேலையைத் தொடங்கினார். பூமியின் வடிவத்தையே கணக்கிட்ட வேலை அது. இவ்வளவும் சுற்றிலும் இருக்க, நம் பிள்ளைகள் இயற்பியலை நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியாக மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

இனி உங்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கிரிகோர் மெண்டல். பட்டாணிச் செடியோடு சேர்த்தே அவரை நினைத்துப் பழகிவிட்டோம், அவர் தாவரவியல் டீச்சர்களின் சொத்து என்று விட்டும்விட்டோம். ஆனால் அவர் பள்ளியில் நடத்திய பாடங்களில் ஒன்று இயற்பியல். அகுஸ்தீன் சபைத் துறவியான அவரை, மடத்தின் தலைவர் சிரில் நாப் 1849-இல் ஸ்நைம் என்ற ஊரின் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார். நன்றாகவே கற்பித்தார். நிரந்தரமாக வேண்டும் என்றால் தகுதித் தேர்வு எழுத வேண்டும். 1850-இல் எழுதினார், தேறவில்லை. தேர்வாளர்களில் ஒருவரான இயற்பியலாளர் பாம்கார்ட்னர், இந்த மனிதரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வையுங்கள் என்று மடத்துத் தலைவருக்கு யோசனை சொன்னார். நாப் அனுப்பினார். 1851 முதல் 1853 வரை மெண்டல் வியன்னாவில் படித்தார். செலவு மடத்தினுடையது. போனபோது அவருக்கு 29 வயது.

அங்கே அவருக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர் கிறிஸ்டியன் டாப்ளர். நாம் நடத்துகிற டாப்ளர் விளைவின் டாப்ளர்தான். அவருக்குப் பின் வந்த எட்டிங்ஸ்ஹவுசனிடம் சேர்மானக் கணிதம் கற்றார். எண்ணிக்கையை வைத்து இயற்கையை விசாரிக்கலாம் என்ற பழக்கம் மெண்டலுக்கு அந்த இயற்பியல் கூடத்திலிருந்து வந்தது என்பது என் துணிபு. அவருக்கு முன்னும் செடிகளைக் கலந்து பார்த்தவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கில் வளர்த்து, எண்ணி, விகிதம் போட்டுப் பார்த்தவர் அவர். ஊருக்குத் திரும்பி 1854-இல் புருன் நகரின் பள்ளியில் மறுபடி ஆசிரியரானார். இயற்பியலும் இயற்கை வரலாறும் எடுத்தார். பாடம் நடத்திக்கொண்டேதான் 1856 முதல் தோட்டத்தில் பட்டாணியும் வளர்த்தார். 1856-இல் தகுதித் தேர்வுக்கு மறுபடி போனார், அதையும் முடிக்க முடியவில்லை. 1868-இல் மடத்துத் தலைவராகும்வரை அவர் தற்காலிக ஆசிரியராகவே இருந்தார். உலகம் அவருடைய கட்டுரையைக் கண்டெடுத்தது 1900-இல், அவர் இறந்து 16 ஆண்டு கழித்து.

தொகுப்பூதியத்தில் இருக்கிறேன், வயது முப்பதைத் தொட்டுவிட்டது, டெட் தேர்வில் தேறவில்லை என்று மனம் தளர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். சபைகளின் பேராயர்களும் தாளாளர்களும் மூன்று முறை படிக்க வேண்டும். அவர்களிடம் பின்னால் வருகிறேன்.

டாப்ளரின் பாடத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க கூடுவாஞ்சேரி ஸ்டேஷனைவிட நல்ல ஆய்வகம் கிடையாது. இங்கே நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் மணிக்கு 110 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30.6 மீட்டரில், ஹாரன் அடித்துக்கொண்டே கடக்கிறது என்று வையுங்கள். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். நெருங்கும்போது கேட்கும் அதிர்வெண்ணை விலகும்போது கேட்பதால் வகுத்தால் 1.2 வரும். ஆறுக்கு ஐந்து. கொயரில் கீபோர்டு வாசிப்பவருக்கு அது மைனர் தேர்டு என்று உடனே தெரியும். பாட்டு பயின்றவருக்கு அது சாதாரண காந்தாரத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கும் இறக்கம். ஒரு போனில் பதிவு செய்து, அதிர்வெண்ணை அளந்து, ரயிலின் வேகத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்றபடி செய்யுங்கள்.

இதே டாப்ளரிலிருந்து உங்களில் பலரை உறுத்தும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். விசுவாசம்.

பெருவெடிப்பு என்ற சொல் வந்ததும் நம் ஆசிரியர்களில் சிலருக்குக் குரல் இறங்கிவிடுகிறது. "பரீட்சைக்கு எழுது, மனசுக்குள்ள எடுத்துக்காதே" என்று பிள்ளையிடம் சொன்ன ஆசிரியரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர், ஜெபிக்கிறவர். அந்தப் பிள்ளைக்கு அவர் செய்தது பெரிய தீங்கு என்றே நினைக்கிறேன். பள்ளியில் ஒரு உண்மை, கோவிலில் ஒரு உண்மை என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளப் பழக்கிவிட்டார். கல்லூரிக்குப் போனதும் அந்தப் பிள்ளை இரண்டில் ஒன்றை மூடிவிடும். எதை மூடினாலும் நமக்கு நஷ்டம்.

விரிவடையும் அண்டத்தைக் கணக்கிட்டுச் சொன்னவர் ஒரு குருவானவர். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமேட்ர் 1923-இல் குருப்பட்டம் பெற்றார், அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் எடிங்டனிடம் படிக்கப் போனார். 1927-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து அண்டம் விரிகிறது என்று காட்டி, தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களின் செம்பெயர்ச்சியோடு அதைப் பொருத்தினார். 1931-இல் ஆதி அணு என்ற கருத்தை வைத்தார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது லெமேட்ருக்கு அது பிடிக்கவில்லை. இயற்பியலின் கருதுகோள் நாளைக்கு மாறலாம், அதன்மேல் விசுவாசத்தைக் கட்டாதீர்கள் என்பது அவர் நிலை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனாரும் ஆதியாகமத்துக்கு எழுதிய விரிவுரையில் இதற்குப் பக்கத்தில் நின்றே எச்சரித்தார்: வானத்தையும் கோள்களையும் பற்றி அறிந்தவர்கள் முன்னால் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் பிதற்றினால், அவர்கள் வேதத்தையே நம்பாமல் போவார்கள் என்று. 2018-இல் வானியலாளர்களின் சர்வதேச ஒன்றியம் ஹபிள் விதியை இனி ஹபிள்-லெமேட்ர் விதி என்று அழைக்கும்படி பரிந்துரைத்தது.

இங்கேயும் எம்.எஸ்ஸி. எங்கே உதவுகிறது பாருங்கள். விண்மீன் கூட்டங்களின் செம்பெயர்ச்சியை ரயில் ஹாரனைப் போன்ற டாப்ளர் விளைவு என்று பள்ளியில் சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவற்றுக்கு அது ஓரளவு சரி. மிகத் தொலைவில் இருப்பவற்றுக்கு அது போதாது. அங்கே வெளியே விரிகிறது, அதில் பயணிக்கும் ஒளியலையும் கூடவே நீள்கிறது. பொதுச் சார்பியலைக் கொஞ்சமாவது தொட்டவர்தான் இந்த வேறுபாட்டைப் பிழையில்லாமல் சொல்ல முடியும். கர்த்தருடைய செய்கைகளைப் பற்றிப் பேசும்போது பிழையில்லாமல் பேசுவதும் பக்திதான். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகக் கதவில் மேக்ஸ்வெல் காலத்தில் இலத்தீனில் ஒரு வசனத்தைப் பொறித்தார்கள். 111-ஆம் சங்கீதம், இரண்டாம் வசனம். எடுத்துப் படித்துப் பாருங்கள். உங்கள் இருட்டறைக் கதவுக்கும் அது பொருந்தும்.

கற்பித்துக்கொண்டிருந்தவர் மேலே படிக்கப் போனதற்கு நம் மண்ணிலேயே சான்று வேண்டுமா? வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். கல்லூரி அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது. தாம்பரத்துக் காட்டுக்கு அது குடிபெயர்ந்தது 1937-இல். பட்டம் வாங்கியதும் அங்கேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த கிருஷ்ணன், மதிய உணவு நேரத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து இயற்பியல், கணிதம், வேதியியல் எதில் கேள்வி கேட்டாலும் பேசுவார். பக்கத்துக் கல்லூரி விரிவுரையாளர்களும் வந்து கேட்டார்கள். அந்த இடத்தோடு அவர் திருப்திப்பட்டிருக்கலாம். 1920-இல் மேலே படிக்கக் கல்கத்தாவுக்குப் போனார். எட்டு வருடம் கழித்து, 1928 பிப்ரவரியில், ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது ராமனுடன் ஆய்வகத்தில் நின்றவர் அவர்.

அந்த ஆய்வகத்துக்கும் ஒரு கதை உண்டு. அது இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கியபோது அவருக்குத் தோள்கொடுத்தவர் இயேசு சபைக் குரு லஃபோன், கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர். ஜகதீஷ் சந்திர போஸ் அவரிடம் படித்தவர். அந்தக் கழகத்தின் ஆய்வகத்துக்குத்தான் 1907 முதல் பத்து வருடத்தில், அரசாங்கக் கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே, கல்கத்தாவில் இருந்த காலமெல்லாம் ராமன் ஆபீசுக்கு முன்னும் பின்னும் வந்து ஆய்வு செய்தார். வேலை பார்த்துக்கொண்டே இயற்பியல் செய்ய முடியாது என்று என்னிடம் யாராவது சொன்னால் இந்தப் பத்து வருடத்தைத்தான் நினைவுபடுத்துவேன்.

சரி, எப்படிப் படிப்பது? இக்னோவில் எம்.எஸ்ஸி. இயற்பியல் உண்டு. ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு சேர்க்கை. இரண்டு ஆண்டில் முடிக்கலாம், முடியாதவர்கள் நான்கு ஆண்டு வரை இழுக்கலாம். பணியில் இருப்பவர்கள் இழுப்பதில் வெட்கமே இல்லை. வேறு பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்பில் சேர்வதானால், அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அரசு, உதவிபெறும் பள்ளிகளில் இருப்பவர்கள் முன்அனுமதி வாங்காமல் சேராதீர்கள். படித்து முடித்த பிறகு பணிப்பதிவேட்டில் ஏற்ற மாட்டேன் என்று சொன்னால் அழுது பயனில்லை. செய்முறைக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். அந்த நாட்கள் காலாண்டு, அரையாண்டுத் தேர்வோடு மோதும். முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசி வையுங்கள்.

ஆட்கள் கழன்றுகொள்ளும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கணித இயற்பியல் தாள். பி.எஸ்ஸி. முடித்துப் பத்து வருடம் ஆனவருக்குக் கலப்பெண் சார்பும், அணிகளின் சிறப்பு மதிப்புகளும், வகைக்கெழுச் சமன்பாடுகளும் மறந்திருக்கும். குவாண்டம் இயக்கவியல் முழுக்க அந்த மொழியில்தான் பேசும். ஆகவே பதிவு செய்வதற்கு மூன்று மாதம் முன்பே, பழைய பி.எஸ்ஸி. கணிதப் புத்தகத்தைத் தூசி தட்டி, கணக்குகளைக் கையால் போடுங்கள். படித்துப் பார்ப்பது போதாது. போட வேண்டும். குவாண்டத்துக்கும் மின்னியக்கவியலுக்கும் கிரிஃபித்ஸ், இயக்கவியலுக்கு கோல்ட்ஸ்டைன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய செவ்வியல் இயற்பியல், குவாண்டம் இயற்பியல் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். வழியாக யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. கரும்பலகையில் அவர் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு நகர்வதைப் பார்ப்பதே ஆசிரியருக்குத் தனிப் பாடம்.

தனியாகப் படிக்காதீர்கள். பெருங்களத்தூரில் ஒருவர், ஊரப்பாக்கத்தில் ஒருவர், மறைமலைநகரில் ஒருவர் என்று சேர்ந்தாலே போதும். சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு கோவிலின் ஓய்வுநாள் பள்ளி அறை காலியாகத்தான் கிடக்கிறது. கரும்பலகையும் இருக்கிறது. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்ற வேறுபாடு லக்ராஞ்சியனுக்குத் தெரியாது.

மெட்ரிக் பள்ளிகளில் வேலை பார்க்கும் தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பள்ளி விட்டு வந்து, சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லி, விடைத்தாள் திருத்தி முடிக்கும்போது மணி பத்து ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு நேரம் வேண்டுமானால் வீட்டில் வேறொருவர் வேலையைப் பங்கு போட வேண்டும். அதை ஜெபக்குறிப்பாக வைப்பதோடு நிறுத்தாமல் வாய்விட்டுக் கேளுங்கள். பீர்மேட்டில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1918-இல் பிறந்த அன்னா மணி, சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஒரு வருடம் கற்பித்துவிட்டு, 1940-இல் பெங்களூருக்குப் போய் ராமனிடம் வைரத்தின், மாணிக்கத்தின் ஒளியியலை ஆராய்ந்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1945-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அவர் அதற்காக நின்றுவிடவில்லை. இந்திய வானிலைத் துறையின் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வைத்த பெருமை அவருக்கு உண்டு. ஆனாலும் அந்த அநீதி எனக்கு ஆறவில்லை. அறிவு இருந்தும் காகிதம் இல்லாததால் உங்களை யாரும் வாசலில் நிறுத்தக் கூடாது.

இப்போது பேராயர்களுக்கும், மறைமாவட்ட ஆயர்களுக்கும், பள்ளித் தாளாளர்களுக்கும். இந்த மடலை அவர்களும் வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். 1837-இல் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கியதுதான் பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியானது. நம் முன்னோர்கள் இந்த மாகாணத்துக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொல்கிறோம். ஆசிரியர்களுக்கு என்ன கொடுக்கிறோம்? கட்டடத்துக்குக் காணிக்கை எடுக்கிறோம், நுழைவாயிலுக்கு எடுக்கிறோம், கல்வெட்டில் பெயர் போடுகிறோம். ஒரு ஆசிரியரின் எம்.எஸ்ஸி. கட்டணத்தை ஒரு சபை ஏற்றுக்கொண்டால் அதைப் பொறிக்கக் கல்வெட்டு இல்லை என்பதால்தான் யாரும் முன்வரவில்லையோ என்று சில நேரம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிரில் நாப் தன் துறவியை இரண்டு வருடம் வியன்னாவில் வைத்துப் படிக்க வைத்தார். அந்தத் துறவி தகுதித் தேர்வில் தோற்றுப்போனவர் என்று தெரிந்தேதான் செய்தார். உங்களை நான் கேட்பது அதைவிடச் சிறியது. வருடத்துக்கு ஓர் ஆசிரியருக்குக் கட்டணம். செய்முறை நாட்களில் சம்பளம் பிடிக்காத விடுப்பு. படிக்கிற இரண்டு வருடத்துக்கு அவருக்கு வகுப்பாசிரியர் பொறுப்போ, ஆண்டு விழா நடனப் பொறுப்போ, சேர்க்கைக்கு வீடு வீடாகப் போகும் வேலையோ கொடுக்காமல் இருங்கள். முடித்து வந்தவரை ஒரு பிளஸ் டூ வகுப்புக்குள் விட்டுவிட்டு, ஆய்வகத்தில் உடைந்து கிடக்கும் கீற்றணியை மாற்றிக் கொடுங்கள்.

ஆசிரியர்களே, முன்அனுமதிக் கடிதம் பள்ளியிலிருந்து கல்வி அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வர எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலைச் சேர்க்கையைப் பிடிக்க வேண்டுமானால் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலேயே அதை எழுதி, நகல் ஒன்று கையில் வைத்துக்கொண்டு, தாளாளர் மேசையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
கூடுவாஞ்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியன்